பேச்சிச்செல்வியின் வயிறு

பேச்சிச்செல்வி வயிறு வலிக்கிறது என்று சொன்னால் அவள் வீட்டில் யாரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கரண்ட் போனால்கூட 'போச்சு' என்று ஒரு சத்தம் எழும். இதற்கு அதுவும் கிடையாது. பிறந்த வீட்டில் அப்படி, புகுந்த வீட்டில் அப்படி, முப்பத்தொரு வயதுவரைக்கும் அப்படி.

பிறந்தது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையில் நெல்லும் வாழையும் போடுகிற ஊர். அப்பா சிவனணைந்தபெருமாளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் வயல். நாலு பிள்ளைகளில் இவள் மூன்றாவது. மற்றவர்கள் தட்டை வழித்து நக்கும்போது இவள் மட்டும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். தின்ற கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு வலி வரும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குறுக்கிக்கொண்டு கிடப்பாள். சில நாள் வாந்தி வரும். வாந்தி வந்தால் வலி போய்விடும். வலி போனதும் எழுந்து விளையாட ஓடுவாள்.

அந்த ஓட்டம்தான் அவளைக் கெடுத்தது. "வலிச்ச பிள்ளை இப்படியா ஓடும்?" என்று அம்மா கேட்பாள். அந்தக் கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? வலி போனபிறகும் படுத்தே கிடந்திருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. நடித்திருந்தால் நம்பியிருப்பார்கள். நடிக்கத் தெரியாததால் நடிக்கிறாள் என்று பெயர் வாங்கினாள்.

எட்டு வயதில், ஒரு புரட்டாசி மாதம், தொடர்ந்து சில நாள் வாந்தி. தின்றது எதுவோ நெஞ்சில் தங்கியிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகிவிடும் என்று அம்மா அவளைப் பக்கத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் முதல் வைத்தியம் அதுதான். தொக்கம் எடுக்கிறவள் வயிற்றில் எண்ணெய் போட்டு மேல்நோக்கித் தடவினாள். தொண்டைக்குழியில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினாள். பிறகு தன் வாயிலிருந்து உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டினாள். வெள்ளையாக, நகத்தளவு.

"முட்டை. இதுதான் தங்கிக் கிடந்திருக்கு."

"நான் முட்டையே திங்கலியே" என்றாள் செல்வி.

புரட்டாசியில் அந்த வீட்டில் முட்டை அடுப்பேறாது. ஆனால் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை உண்டு. அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"பள்ளிக்கூடத்துல தின்னியாளா? விரத மாசத்துல?"

"இல்லம்மா. என் முட்டைய ஐஸ்வர்யாட்ட குடுத்துட்டேன்."

"அப்ப இது எங்கேருந்துளா வந்துச்சு? இந்தக்கா அவுக வீட்டுலேருந்து கொண்டாந்தாவளோ?"

ஆமாம் என்றுதான் செல்விக்குத் தோன்றியது. அதைச் சொல்வதற்குள் முதுகில் அடி விழுந்துவிட்டது. வீடு திரும்பும்போது அவள் மேல் இரண்டு குற்றம்: விரதத்தில் முட்டை தின்றது, தின்னவில்லை என்று பொய் சொன்னது. எதற்காகப் போனார்கள் என்பது பஸ் ஏறும்போதே எல்லாருக்கும் மறந்துபோனது.

பதினொன்றாம் வகுப்பில் ஒருமுறை அப்பாவே பயந்துபோய் டவுன் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் வலதுபக்க அடிவயிற்றை அமுக்கினார்.

"இங்கன வலிக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அப்பெண்டிக்ஸ் இல்ல. பரீட்சை எப்போ?"

"திங்கக்கிழமை சார்."

டாக்டர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். மேஜைமேல் மல்லாந்து கிடந்த செல்வி, தன் வயிற்றுக்கு மேலாக இரண்டு ஆம்பிளைகள் சிரித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்புளுக்கு மேலே, இடதுபக்கம், அங்கே அமுக்கிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சில வருஷத்தில் கல்யாணம். மாப்பிள்ளை லிங்கராஜுக்குத் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கடை. கன்டெய்னர் டிரெய்லர்க்காரர்கள், உப்பு லாரிக்காரர்கள், நிலக்கரி ஏற்றுகிறவர்கள், இவர்களுக்குத் தண்ணீர் பாட்டில், பீடி, சோப்பு, மத்தியானத்துக்குப் பார்சல் சாப்பாடு. கடைக்குப் பின்னாலேயே வீடு. காற்றடித்தால் துணிக்கொடியில் கரித்தூள் படியும். காற்று நின்றால் உப்பு பூக்கும்.

கல்யாணமான மூன்றாம் மாதம் ஒருநாள் காலையில் செல்வி அடுக்களைக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். மாமியார் சண்முகத்தாய் மருமகளின் முகத்தைப் பார்த்தாள், சுவரில் காலண்டரைப் பார்த்தாள், வேறெதுவும் கேட்கவில்லை.

"அத்தை, எனக்கு இது சின்னதிலேயே உண்டு. தின்னா வரும்" என்றாள் செல்வி.

"முதல்ல எல்லாவளும் இப்படித்தான் வெக்கப்படுவாளுவ."

லாரி ஸ்டாண்டிலிருந்து தெருக்கோடிவரை லட்டு போனது. நாலாம் நாள் செல்வி தலைக்குக் குளித்தாள். லட்டு தின்ற வீடுகள் ஒவ்வொன்றுக்கும் சண்முகத்தாய் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிரெய்லர் டிரைவர்கள் அவர்கள் பாட்டுக்கு, "என்ன ஆச்சி, பேரன் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர் பாட்டில் வாங்கிப் போனார்கள்.

"என்னைச் சந்தி சிரிக்க வச்சிட்டா" என்று அந்த அம்மாள் அன்றைக்குச் சொன்னதைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். லட்டு கொடுத்தது யார்? அதை யாரும் கேட்கவில்லை. அதுமுதல் செல்வியின் வாந்திக்கு அந்த வீட்டில் 'பொய் வாந்தி' என்று பெயர். பிறகு உண்மையாகவே மகள் இந்துமதி வயிற்றில் வந்தபோது மட்டும் கையில் எலுமிச்சம்பழமும் நெற்றியில் ஈரத்துணியுமாக ஆள் நின்றது. அந்தப் பத்து மாதம்தான் அவளுடைய வாந்திக்கு மரியாதை இருந்தது. பிள்ளை பிறந்ததும் போய்விட்டது.

பிறகு அது கேஸ் ஆயிற்று, வயிற்று வாயு. லிங்கராஜ் கெட்டவன் இல்லை. கைநீட்டமாட்டான், குடிக்கமாட்டான். ஆனால் அவள் வயிற்றைப் பற்றி அவனுக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். "கேஸு. நேரத்துக்குத் தின்னாத்தானே. கொக்கு மாதிரி கொத்திக்கிட்டு எழுந்துருதா." கடையிலிருந்து ஒரு சோடாவை எடுத்து நீட்டுவான். அவள் குடிப்பாள். ஏப்பம் வரும். "பாத்தியா?" என்பான்.

இதில் மோசமான விஷயம் வேறு. சொல்லிச் சொல்லி, கடைசியில் செல்விக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான் பெரிதுபடுத்துகிறேனோ? எல்லாருக்கும் வயிறு இப்படித்தான் வலிக்குமோ, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள, எனக்குத்தான் பொறுக்கத் தெரியவில்லையோ? இத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னால் இத்தனை பேரும் பொய்யா? வலி வரும்போதே தன்னைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தாள். முனகல் வந்தால், இது வலியில் வந்த முனகலா, ஆள் பார்க்க வந்த முனகலா என்று தனக்குள்ளேயே விசாரணை. ஒரு மனுஷியை அவள் உடம்புக்கே அந்நியமாக ஆக்கிவிடலாம். அதற்குப் பெரிய கொடுமைக்காரர்கள் தேவையில்லை. சாதாரண ஆட்களே போதும்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் கப்பல் வந்து கட்டியிருந்ததால் ரோடு முழுக்க லாரி. சாம்பார் இறக்கி, ரசம் கூட்டி, பொட்டலம் மடிக்கும்போது வலி பிடித்தது. எப்போதும் வருகிற வலிதான் என்று நினைத்து அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிழிகிற கை கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். அன்றைக்கு விடவில்லை. ஒரு முறுக்கு, அதன்மேல் இன்னொரு முறுக்கு. வாளியைப் பிடித்து வாந்தி எடுத்தாள். பச்சை. அரைத்த கொத்தமல்லித் துவையல் மாதிரி அடர்பச்சை.

சண்முகத்தாய் எட்டிப் பார்த்தாள். "பித்தம். காலையில வெறும் வயித்துல காப்பியக் குடிச்சா பித்தம் வராம என்ன செய்யும்? இஞ்சியத் தட்டிக் குடிளா. பார்சலுக்கு ஆள் நிக்கி."

செல்வி இஞ்சியைத் தட்டினாள். குடித்ததும் அதுவும் பச்சையோடு வெளியே வந்தது.

லிங்கராஜ் அவளைப் பைக்கில் வைத்து மெயின் ரோட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனான். டாக்டர் ஃபோனில் பேசிக்கொண்டே புருவத்தை உயர்த்தினார். அவர் பார்த்தது அவளை இல்லை, அவனை.

"கேஸு சார். எப்பவும் உள்ளதுதான்" என்றான் லிங்கராஜ்.

இடுப்பில் ஒரு ஊசி, நாலு மாத்திரை. டாக்டர் வயிற்றைத் தொடவே இல்லை. செல்வி வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னாளா? இல்லை. 'இது அது இல்லை, இது வேற' என்று தொண்டைவரை வந்தது. 'அப்ப இத்தனை நாளும் உள்ளது என்ன?' என்று கேட்டுவிடுவார்களே என்று விழுங்கிவிட்டாள். அந்த விழுங்கலை நினைத்து அவள் பிறகு பட்ட கோபத்துக்கு அளவில்லை. அவர்கள் மேல் வந்த கோபத்தில் ஒரு பங்கு அவள் மேலேயே திரும்பியது.

சாயங்காலம் பக்கத்துத் தையல்கடை ஹில்டா, தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள், அடுக்களைத் தரையில் செல்வி சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். முகம் வெள்ளையாக, உதடு காய்ந்து, வயிறு மட்டும் புடைத்து நின்றது. பக்கத்தில் வாளி.

"மாதாவே! ஏளா செல்வி, என்னளா இது?"

"வலிக்கிக்கா."

அவ்வளவுதான். ஹில்டா வேறு கேள்வி கேட்கவில்லை. கடைப்பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். கடற்கரையில் வளர்ந்த தொண்டை. லாரி ஸ்டாண்டே திரும்பியது.

"ஏலே லிங்கராஜ்! பொண்டாட்டி சாகக் கெடக்கா, அங்கன பீடியா விக்க நீ?"

"ஊசி போட்டாச்சுக்கா. தூங்கினாச் சரியாயிரும்."

"தூங்கிருவா. எந்திரிக்கமாட்டா. ஆட்டோவக் கூப்பிடுலே!"

"கடைய..."

"உன் கடைல இடி விழ! நான் கூட்டிட்டுப் போறேன். நீ கல்லாவக் கட்டிப் பிடிச்சிட்டுக் கெட."

அவன் முகம் சுருங்கிப் போய், அம்மாவிடம் கடையைச் சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் பின்னால் பைக்கில் வந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் செல்விக்கு உயிர் போய்த் திரும்பியது. ஹில்டா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் டிரைவரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் வயதில் சின்ன டாக்டர் ஒருத்தி வந்தாள். "என்ன செய்யுது?"

"கேஸு மேடம், எப்பவுமே இவளுக்கு..." என்று தொடங்கினான் லிங்கராஜ்.

"அவரைக் கேக்காதீங்க."

யார் பேசியது என்று செல்வியே ஒரு கணம் தேடினாள். அவள் குரல்தான். "வலிக்கது எனக்கு. என்னைக் கேளுங்க."

டாக்டர் குனிந்தாள். "சொல்லுங்கக்கா. வாந்தி என்ன நிறத்துல வந்துச்சு?"

முப்பத்தொரு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எத்தனை வாளி, எத்தனை சாக்கடை, எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள்! நிறத்தை ஒருத்தரும் கேட்டதில்லை.

"பச்சை. நல்ல பச்சை."

டாக்டரின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து யாரையோ கூப்பிட்டாள். மூக்கு வழியாக ஒரு குழாய் இறங்கியது. கையில் ஊசி ஏறியது. ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் உருண்டது.

சர்ஜன் ஞானையா வந்தார். நரைத்த மீசை, அவசரமான ஆள், ஆனால் அவளைப் பார்த்தே பேசினார்.

"கேளும்மா. கரு வளரும்போது குடல் வயித்துக்கு வெளியே போய் வளர்ந்து, திரும்பி உள்ளே வரும்போது ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடத்துல உட்காரணும். உனக்கு அந்தச் சுற்று முழுசா நடக்கல. பிறக்கும்போதே அப்படி. மத்தவங்களுக்குக் குடல் அகலமா ஒட்டியிருக்கும். உனக்கு ஒரு சின்னக் காம்புல மொத்தக் குடலும் தொங்குது. அதனால அடிக்கடி முறுக்கிக்கும், தானா அவுந்துக்கும். இன்னைக்கு அவுறல. ரத்தம் போற குழாயும் சேர்ந்து முறுக்கிக்கிட்டிருக்கு. உடனே திறந்து அவுக்கணும். தாமதிச்சா குடல் கறுத்துப்போகும்."

"சின்னதிலேருந்தே வலிக்கும் சார்" என்றாள் செல்வி. குழாய் இருந்ததால் குரல் உரசியது.

"வலிச்சிருக்கும். வலிக்காம இருந்தாத்தான் அதிசயம்."

வலி அப்படி உயிரைக் குடிக்கும்போதும் அந்தச் சொல் அவளுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. வலிச்சிருக்கும். அதைக் கேட்க முப்பத்தொரு வருஷம்.

சண்முகத்தாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்திருந்தாள். கையெழுத்துக்கான தாள் லிங்கராஜ் கையில். அவன் அம்மாவைப் பார்த்தான்.

"வயித்தக் கிழிக்கதுன்னா சும்மாவா? அவ அப்பா வரட்டும்" என்றாள் சண்முகத்தாய். "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம தலையிலதான் வைப்பாவ. பாளையங்கோட்டைல பெரிய டாக்டரா பாத்து இன்னொருக்கா கேப்போம்."

"நேரம் இல்லைம்மா" என்றார் சர்ஜன்.

"மாமா வந்துட்டு இருக்காவ சார். ஏரல் தாண்டிட்டாவளாம். ஒரு அரைமணி நேரம்..." லிங்கராஜ் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னான்.

ஹில்டா தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸுக்காடே குடல் காத்துக்கிட்டு இருக்கு?"

செல்வி கையை நீட்டினாள். ஊசி குத்திய கை.

"தாங்க."

"நீ படுளா, நாங்க பேசிட்டு..."

"என் வயிறு. தாங்க இங்க!"

நர்ஸ் அவன் கையிலிருந்து தாளை வாங்கி ஒரு அட்டையில் வைத்து நீட்டினாள். செல்வி படுத்தவாக்கில் போட்டாள். 'பே' ஒழுங்காக விழுந்தது, மற்றதெல்லாம் கோணிக்கொண்டு போனது. சர்ஜன் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார். "போகட்டும், உள்ள கொண்டுபோங்க."

உள்ளே நடந்ததை அவளுக்குப் பிறகு சின்ன டாக்டர் சொன்னாள். மொத்தச் சிறுகுடலும் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. முறுக்கை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி நிறம் திரும்புகிறதா என்று எல்லாரும் காத்து நின்றார்கள். பெரும்பகுதி மெல்லச் சிவந்தது. ஒன்றரை அடி நீளம் மட்டும் கறுத்தபடியே கிடந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். குடலை இழுத்துக் கட்டியிருந்த பட்டைகளை அறுத்து, காம்பை அகலமாக்கி, சிறுகுடலை வலதுபக்கமும் பெருங்குடலை இடதுபக்கமும் வைத்தார்கள். அப்பெண்டிக்ஸையும் எடுத்துவிட்டார்கள். அது இடதுபக்கம் போய் உட்கார்ந்திருந்தது. நாளைக்கு வீங்கினால் எந்த டாக்டருக்கும் தெரியாது என்று.

"இன்னும் கொஞ்ச நேரம் தாண்டியிருந்தா?" என்று செல்வி கேட்டாள்.

டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைச் சரிசெய்தாள்.

அடுத்த சில நாள் வார்டில் ஒரு வேடிக்கை. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதா என்று தெரிய, காற்றுப் பிரிய வேண்டுமாம். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர், நர்ஸ், கூட்டுகிற அம்மா, பக்கத்துக் கட்டில்காரி, எல்லாரும் ஒரே கேள்வி: "காத்துப் பிரிஞ்சுதா?" லிங்கராஜும் கட்டில் ஓரத்தில் நின்று கூச்சத்தோடு அதையே கேட்டான். இத்தனை வருஷம் கேஸ், கேஸ் என்று அவளைக் கேவலப்படுத்தியவன், அந்த கேஸுக்காகச் செந்தூருக்கு நேர்ந்துகொண்டு நின்றான். செல்விக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. சிரிப்பு பாதியில் கோபமாக மாறிவிட்டது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் நாள் பிரிந்தது. வார்டே கைதட்டாத குறை.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுவந்தார்கள். லிங்கராஜ் அவர்களுக்குச் சொன்ன கதையில் ஆட்டோவைக் கூப்பிட்டது அவன்தான். சண்முகத்தாய் சொன்ன கதையில் அந்தப் பச்சையைப் பார்த்ததுமே அவளுக்கு 'திக்'கென்று இருந்ததாம். ஹில்டா ஒருநாள் அந்தக் கதையை நேரில் கேட்டுவிட்டு, செல்வியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனாள். செல்விக்குப் பேச இன்னும் தெம்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து தையல் காய்ந்தபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். வாழைத்தாரைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். செல்வி உள்கதவில் சாய்ந்து நின்றாள். சண்முகத்தாய் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. பிறவிக் குறைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாவ. பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? குறைய மறைச்சுல்லா எங்க தலையில கட்டி வச்சிருக்கீக."

செல்வி இதுவரை பொய்க்காரி. இப்போது ஓட்டைப் பாத்திரம்.

அப்பா பதறிப்போய் எழுந்தார். "தங்கச்சி, செந்தூரான் சத்தியமாச் சொல்லுதேன், நாங்க எதையும் மறைக்கல. எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவ சின்னப் பிள்ளையிலேருந்து வயிறு வலிக்கி, வயிறு வலிக்கின்னு சொல்லிக்கிட்டேதான் இருப்பா. நாங்க நடிக்கான்னுல்லா நினைச்சோம்!"

அந்தப் பதில் சண்முகத்தாய்க்குத் திருப்தியாக இருந்தது. முகம் தளர்ந்துவிட்டது. "அது சரிதான். எங்களுக்கும் அப்படித்தானே இருந்துச்சு. யாரு கண்டா?"

"ஆமா தங்கச்சி. யாரு கண்டா?"

"உக்காருங்க அண்ணாச்சி. காப்பி போடுதேன்."

இரண்டு வீடும் சமாதானமாகிவிட்டது. அவளை நம்பாததில் இருவருக்கும் ஒற்றுமை. லிங்கராஜ் நிம்மதியாக மூச்சுவிட்டான். கதவில் நின்றவளின் கை, வயிற்றுத் தையல் மேல் தானாகப் போய் நின்றது.

"யாரும் உள்ள போகாதீங்க" என்றாள் செல்வி.

சண்முகத்தாய் திரும்பினாள். "என்னளா?"

"யாரு கண்டான்னு கேட்டீகளே அத்தை. நான் கண்டேன். நான் சொன்னேன். அங்க இருந்தப்ப அங்க சொன்னேன், இங்க வந்து இங்க சொன்னேன். மறைச்சேனாம்! வாய் வலிக்கச் சொன்னவளப் பாத்து மறைச்சேங்கீக. அப்பா, நீங்க நடிக்கான்னு நினைச்சத நியாயம் மாதிரி சொல்லுதீக. அது நியாயமாப்பா?"

"செல்வி, சத்தம் போடாத. தையலு..." என்றான் லிங்கராஜ்.

"தையலுக்கு ஒண்ணும் ஆகாது. வயித்தத் திறந்ததுனால உள்ள குடல் ஒட்டிக்கிடலாம், திரும்ப அடைச்சுக்கிடலாம், வலிச்சா உடனே வரணும்னு டாக்டர் சொன்னாவல்லா. நீங்க ஃபோனப் பாத்துட்டு நின்னீக. இப்ப எனக்கு ஒரு பதில் வேணும். நாளைக்கே எனக்கு வயிறு வலிக்கின்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"எப்போ?"

"அப்பமே."

"கடைல லாரி நின்னா?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவுகளப் பாக்காதீங்க. என்னப் பாத்துச் சொல்லுங்க."

"பூட்டிட்டு வாரேன்" என்றான் அவன். கொஞ்சம் யோசித்தான். அவன் முகத்தில் கேலி இல்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்: "கேஸா இருந்தா?"

கடையில் யாரோ "அண்ணாச்சி, ஒரு தண்ணி" என்று கூப்பிட்டார்கள். யாரும் போகவில்லை.

"கேஸா இருந்தாலும். அத டாக்டர் சொல்லட்டும். இந்த வீட்டுல இனி யாரும் சொல்லக் கூடாது."

லிங்கராஜ் தலையை ஆட்டினான். "வாயத் திறந்து" என்றாள் அவள். "சரி. சொல்லமாட்டேன்" என்றான்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். சிவனணைந்தபெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். துண்டுக்குப் பின்னால் தோள் குலுங்கியது.

"அழாதீங்கப்பா" என்றாள் பேச்சிச்செல்வி. "நியாயமான்னு கேட்டேன். பதிலச் சொல்லுங்க."